நாய்ச்சுறாவின் மேல் சாற்றப்பட்ட குற்றம்

1666ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இத்தாலி நாட்டின் லிவோர்னோ துறைமுகத்திற்கு அருகே மீனவர் சிலர் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தனர். தஸ்கனியின் கோமகனாகிய இரண்டாம் ஃபெர்டினாண்டோ, அதன் தலையைப் புளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரச் செய்து, தம் ஆதரவில் வாழ்ந்துவந்த இளம் உடற்கூற்று அறிஞர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவ்வறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோ. டென்மார்க்கில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர், மறு ஆண்டில் கத்தோலிக்கரானார். பின்னர் குருவாகவும் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

அந்தப் பெருஞ்சுறாவின் பற்களைக் கண்ட ஸ்டெனோ, மலைப்பாறைகளில் கிடைத்துவந்த ‘நாக்குக் கற்கள்’ உண்மையில் பண்டைச் சுறாக்களின் பற்களே என்று எடுத்துரைத்தார். இக்கதை பலர் அறிந்தது. ஆனால் 1667இல் வெளியான அதே நூலில் மற்றொரு சிறு பகுதியும் உண்டு. அது நாய்ச்சுறா இனத்தைச் சேர்ந்த, குட்டி ஈனும் ஒரு சிறு மீனை அறுத்து ஆராய்ந்த வரலாறு. அம்மீனின் வயிற்றைத் திறந்து நோக்கிய ஸ்டெனோ, பெண்ணின் உடலில் உள்ளதும் முட்டைகளைத் தாங்கும் சினைப்பையே என்ற முடிவுக்கு வந்தார். மனிதப் பிறப்பைப் பற்றிய அறிவு, எவரும் மதியாத ஒரு சிறு சுறாவின் வயிற்றிலிருந்து இவ்வாறு ஒரு படி உயர்ந்தது.

திறந்து பார்த்த பிறகே தீர்ப்புக் கூறும் இந்தப் பண்பு, நாய்ச்சுறாவின் பிற்கால வரலாற்றில் பல தலைமுறைகளுக்குக் காணப்படவில்லை. பார்க்கும் முன்பே அதன் மேல் தீர்ப்பு எழுதப்பட்டது. அவ்வரலாற்றையே இங்குக் காண முற்படுகிறோம்.

முள்ளும் புள்ளியும் கொண்ட மீன்

நாம் பேசப்போகும் மீனை ஆங்கிலேய மீனவர் ‘ஸ்பைனி டாக்ஃபிஷ்’ என்று அழைப்பர். நாய்க்கூட்டம்போல் திரண்டு இரைதேடுவதால் நாய் என்ற பெயரும், முதுகுத் துடுப்புகள் இரண்டிற்கும் முன்னால் ஒவ்வொரு கூர்முள் நிற்பதால் முள் என்ற அடைமொழியும் வந்தன. 1758ஆம் ஆண்டு லின்னேயஸ் இதற்கு ‘ஸ்குவாலஸ் அகாந்தியாஸ்’ என்று அறிவியற்பெயர் சூட்டினார். இது நம் கடலில் வாழும் மீனன்று. குளிர்ந்த கடல்களுக்கு உரியது. வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பெருந்திரளாக வாழ்வது. வட பசிபிக்கில் வாழ்வதையும் நெடுங்காலம் இதே இனமாகக் கருதினர். 2010ஆம் ஆண்டில்தான் அது தனி இனமென்று பிரித்தறியப்பட்டது.

உருவத்தில் இது சிறியது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சாம்பல்நிற மேனியில் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். நம் நாட்டுக் கல்லூரிகளில் விலங்கியல் பயின்றோர், ‘ஸ்கோலியோடான்’ என்னும் இந்தியக் கடற்சுறாவை அறுத்துப் பார்த்திருப்பர், அதைப்பற்றி ஈ. எம். தில்லையம்பலம் 1928இல் எழுதிய நூல் பல தலைமுறை மாணவருக்கு வழிகாட்டியாயிற்று. நம் மாணவர்க்கு ஸ்கோலியோடான் எப்படியோ, அமெரிக்க மாணவர்க்கு இந்த முள் நாய்ச்சுறா அப்படி.

இதன் வாழ்க்கையில் நம் கவனத்தைக் கவர வேண்டியது இதன் நிதானமே. வட மேற்கு அட்லாண்டிக்கில் பெண்மீன் பருவம் எய்த ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. வட பசிபிக்கில் 35 ஆண்டுகளும் ஆகலாம். கருவுற்றபின் குட்டி ஈன ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேண்டும். யானையின் கர்ப்பகாலத்திற்கு இணையாக இதனைக் கூறலாம். அத்தனை காலம் சுமந்தும் ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஆறு குட்டிகள் அளவே பிறக்கின்றன. காட் மீன் ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சொரிய, நாய்ச்சுறா ஒருசில பிள்ளைகளை நெடுநாள் சுமந்து பெறுகின்றது. பசிபிக் நாய்ச்சுறாக்களில் 80 ஆண்டு கடந்தவையும் உண்டு.

இந்த வயதுக்கணக்கை அதன் முள்ளே நமக்குச் சொல்கின்றது. மரத்தின் வளையங்கள்போல் முள்ளிலும் ஆண்டு வளையங்கள் படிகின்றன. 1950களிலும் 1960களிலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் கலந்த கதிர்க்கரியின் தடம் அம்முட்களிலும் பதிந்திருந்தது. அத்தடத்தை அளந்து பார்த்தே வளையக் கணக்கு சரியென்று அறிவியலார் உறுதிசெய்தனர்.

பகைவன், மருந்து, மீண்டும் பகைவன்

பசிபிக் கரையில் வாழும் ஹைடா மக்களின் குலச்சின்னங்களில் நாய்ச்சுறாவும் ஒன்று. அவர்தம் மரச்சிற்பங்களில் அது மதிப்புக்குரிய உருவம். அக்கரையில் ஐரோப்பியர் குடியேறிய பின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதன் ஈரல் எண்ணெய் விளக்கெரிக்கவும் பொறிகளுக்கு மசகாகவும் பயன்பட்டது. மண்ணெண்ணெயும் பிற எண்ணெய்களும் பரவியபின் அத்தேவை குறைந்தது.

அட்லாண்டிக் கரையிலோ மீனவர்கள் அதனை வெறுத்தனர். அவ்வெறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயிரங்கால் தூண்டிலில் சிக்கிய காட் மீனை அது வந்து கடித்துக் குதறும். இரையைத் தின்று தீர்க்கும். வலையில் திரளாக விழுந்தால் வலை கிழியும். முள் குத்தினால் கை வீங்கும். ஒரு நாள் உழைப்பு அழிந்து, வெறும் படகோடு கரை திரும்பும் மீனவனின் வயிற்றெரிச்சலை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடா அரசு, நாய்ச்சுறாவை எண்ணெயாகவும் உரமாகவும் மாற்றும் ஆலைகளைத் தன் அட்லாண்டிக் கரையில் நிறுவியது. பயன்பாடு ஒரு நோக்கம். ஒழிப்பது மற்றொரு நோக்கம்.

முதல் உலகப்போரின்போது உணவுத்தட்டுப்பாடு தோன்றவே, அமெரிக்க அரசின் மீன்துறை இம்மீனை மக்களுக்கு அறிமுகப்படுத்த முயன்றது. ‘நாய்’ என்ற பெயரோடு விற்றால் யார் வாங்குவர்? எனவே ‘சாம்பல் மீன்’ என்று பெயர் மாற்றித் தகரப்பெட்டிகளில் அடைத்து விற்றனர். போர் ஓய்ந்ததும் அவ்வாணிகமும் ஓய்ந்தது. சுறாவின் இரத்தத்தில் யூரியா மிகுதி. பிடித்தவுடன் குருதியை வடித்துக் குளிர்ப்பதனம் செய்யாவிடில் நவச்சார நெடி வீசத் தொடங்கும். அந்த நெடியையும் மக்கள் அதன் இழிவுக்குச் சான்றாகவே கொண்டனர்.

பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் நார்வேயைக் கைப்பற்றின. உலகெங்கும் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்ட காட் ஈரல் எண்ணெயின் வரவு தடைப்பட்டது. உயிர்ச்சத்து ‘ஏ’ எங்கிருந்து கிடைக்கும் என்று எல்லாரும் தேடினர். கலிபோர்னியக் கடலின் ஒருவகைச் சுறாவின் ஈரலில் அச்சத்து மிகுந்திருப்பது 1937 அளவிலேயே அறியப்பட்டிருந்தது. இப்போது நாய்ச்சுறாவின் ஈரலும் விலைபோயிற்று. வாஷிங்டன் மாநிலத்துக் கரையிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலும் படகுகள் அதனைத் தேடி ஓடின. 1944ஆம் ஆண்டளவில் அவ்வேட்டை உச்சத்தை எட்டியது. ஈரலை எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவது வழக்கமாயிருந்தது.

அதே போர், அதே தட்டுப்பாடு, நம் பக்கத்திலும் அதே விளைவைத் தந்தது. இறக்குமதி நின்றுபோகவே, அன்றைய சென்னை மாகாண அரசின் மீன்துறை, அக்காலத்தில் அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் உற்பத்தியைத் தொடங்கியது. ‘மீனெண்ணெய்’ என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நம் முந்தைய தலைமுறையினர், ஏதோ ஒரு சுறாவின் கொடையை உண்டு வளர்ந்தவர்களே.

1947இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆட்டோ இஸ்லர் என்ற வேதியியலாரும் அவருடைய குழுவினரும் உயிர்ச்சத்து ‘ஏ’யைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டனர். சில ஆண்டுகளில் ஈரலின் விலை சரிந்தது. நேற்றுவரை மருந்தாயிருந்த மீன் மீண்டும் பகைவனாயிற்று. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும், பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் நாய்ச்சுறாவைக் கொன்று குறைப்பதற்கென்றே கனடா அரசு மானியம் வழங்கியது. மருந்துக்காகத் தேடியவர்களும் ஒழிப்பதற்காகத் தேடியவர்களும் ஒரே தலைமுறையினர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மீனில் எந்த மாற்றமும் நிகழவில்லை, சந்தையில் நிகழ்ந்தது.

வேறு பெயரில் உணவு மேசைக்கு

ஐரோப்பாவில் இதன் கதை வேறு. இங்கிலாந்தில் ‘பாறைச் சால்மன்’ என்ற நயமான பெயருடன், வறுத்த உருளைக்கிழங்கோடு சேர்த்து உண்ணப்பட்டது. ஜெர்மனியில் இதன் வயிற்றுத் தசையைக் கீற்றாக அரிந்து புகையூட்டுவர். அது சுருண்டு நிற்பதைக் கண்டு, கவிஞர் ஷில்லரின் சுருள்முடி என்று பெயரிட்டனர். உண்போர் பலர் தாம் உண்பது சுறா என்பதை அறிந்திருக்கமாட்டார்.

1960களின் தொடக்கத்தில் வட கிழக்கு அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 60,000 டன்னுக்கும் மேலாக இம்மீன் பிடிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஈராண்டு சுமந்து, ஆறு குட்டி ஈனும் ஓர் உயிர் இந்த வேகத்தை எங்ஙனம் தாங்கும்? பிடிப்பு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 2006இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அப்பகுதி நாய்ச்சுறாக்களை அழிவின் விளிம்பில் இருப்பவை என்று வகைப்படுத்தியது. 2011ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கப்பட்ட பிடிப்பளவைப் பூச்சியமாக்கியது. பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இதனைச் சேர்க்க 2007லும் 2010லும் கொண்டுவரப்பட்ட முன்மொழிவுகளோ வெற்றிபெறவில்லை.

காட் மீனைத் தின்றது யார்?

இனி, நாய்ச்சுறாவின் மேல் சாற்றப்பட்ட பெருங்குற்றத்திற்கு வருவோம்.

1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், நியூபவுண்ட்லாந்தின் காட் மீன்பிடிப்பைக் கனடா அரசு நிறுத்தியது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நடந்துவந்த தொழில் ஒரே நாளில் முடங்கியது. தெற்கே, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலிலும் காட் மீன் வற்றிக்கொண்டிருந்தது. அங்குள்ள ஜார்ஜஸ் திட்டில் காட் மீன் குறையக் குறைய, நாய்ச்சுறாவும் திருக்கை இனங்களும் பெருகியதை ஆய்வுக் கப்பல்கள் பதிவுசெய்தன. வலை நிறைய நாய்ச்சுறாவே விழுவதைக் கண்ட மீனவர், ‘இவையே காட் குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றன’ என்று கூறினர். கண்ணால் கண்டதைக் கொண்டே அவர்கள் பேசினர். ஒன்று குறைந்தது, மற்றொன்று பெருகியது; எனவே பின்னது முன்னதை அழித்தது என்று முடிவுகட்டினர்.

அரசும் இம்முடிவுக்கு இசைவாகவே நடந்தது. போதிய அளவு பயன்படுத்தப்படாத மீன் என்று பெயரிட்டு நாய்ச்சுறாப் பிடிப்பை ஊக்குவித்தது. காட் மீனை இழந்த படகுகளுக்கு அது பிழைப்பும் ஆயிற்று. 1996இல் அமெரிக்க அட்லாண்டிக் கரையில் ஏறத்தாழ 27,000 டன் நாய்ச்சுறா கரைசேர்ந்தது. ஐரோப்பியச் சந்தை பெரிய மீன்களையே விரும்பியது. இவ்வினத்தில் பெரியவை பெண்மீன்களே. அவை தனித்திரளாகச் செல்லும் இயல்பும் உடையவை. ஆகவே வலைகள் தேடிப் பிடித்தவை பெரும்பாலும் தாய்கள். அவற்றுள் பல சூல்கொண்ட தாய்கள். 1997 முதல் சில ஆண்டுகள் ஆய்வுக் கப்பல்களின் வலையில் குட்டிகள் மிக அருகியே விழுந்தன. 1998இல் இவ்வினம் அளவுமீறிப் பிடிக்கப்பட்டதென அறிவிக்கப்பட்டது; 2000ஆம் ஆண்டில் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன.

குற்றச்சாட்டு உண்மையானால், நாய்ச்சுறாத் தாய்கள் குறைந்த அந்த ஆண்டுகளில் காட் மீன் மீண்டிருக்க வேண்டும். மீளவில்லை. கட்டுப்பாடுகளுக்குப் பிறகும், இன்றுவரை, நியூ இங்கிலாந்தின் காட் வளம் நலிந்தே இருக்கின்றது.

இதற்கிடையில், ஸ்டெனோ செய்ததை வேறு சிலரும் செய்துகொண்டிருந்தனர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வுட்ஸ் ஹோல் நகரில் உள்ள அரசு மீனியல் ஆய்வகத்தார், 1973 முதல் ஆண்டுதோறும் கடலிலிருந்து மீன்களை எடுத்து அவற்றின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து எழுதிவைத்தனர். பல்லாயிரம் நாய்ச்சுறா வயிறுகள் இவ்வாறு திறக்கப்பட்டன. உள்ளே இருந்தவை என்ன? ஹெர்ரிங், கானாங்கெளுத்தி இன மீன்கள், கணவாய், சிறு நண்டு இறால்கள், சொறிமீனை ஒத்த கூழுயிர்கள். காட் மீனும் எப்போதாவது இருந்தது. ஆனால் உணவில் அதன் பங்கு மிகச் சிறிது. நாய்ச்சுறாவும் திருக்கையும் காட் போன்ற அடிமட்ட மீன்களை அழிப்பதாகக் கூறுவதற்குப் போதிய சான்றில்லை என்ற முடிவு 2002இல் வெளியாயிற்று. அடிமட்ட மீன்வளம் வற்றியதற்கு முதற்காரணம் மனிதனின் இழுவைமடியே. கடல்நீர் வெப்பம் ஏறியதும் பின்னர் அதன் மீட்சிக்குத் தடையாயிற்று.

இதில் வியப்புக்குரிய செய்தி வேறொன்று. சீப்புப்போன்ற இழைவரிகளால் நீந்தும் அந்தக் கூழுயிர்கள் வலையில் சிக்கினால் சிதைந்து கரைந்துவிடும். எனவே கடலில் அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்று எண்ணி அறிய வழியில்லாதிருந்தது. நாய்ச்சுறாவோ அவற்றை விரும்பித் தின்பது. ஆகவே ஆய்வாளர், 1981 முதல் 2000 வரை நாய்ச்சுறாவின் வயிற்றில் அவை எத்தனை முறை காணப்பட்டன என்று கணக்கிட்டனர். அவ்வுயிர்கள் அக்கடல் முழுவதும் பெருகிவருவது அதனால் தெரியவந்தது. இவ்வாய்வு 2006இல் வெளியானது. திருடன் என்று ஏசப்பட்ட மீன், கடலில் நிகழும் மாற்றத்திற்குச் சாட்சியாக நின்றது.

இடைநிலையில் நிற்பதன் பொருள்

கடலின் உணவுச்சங்கிலியில் நாய்ச்சுறா மேல்நிலையிலும் இல்லை, அடிநிலையிலும் இல்லை. சிறு மீன்களையும் கணவாயையும் கூழுயிர்களையும் அது தின்கின்றது. அதனைப் பெருஞ்சுறாக்களும் கடல்நாய்களும் தின்கின்றன. ஒரே இரையை நம்பி வாழாமல், எது மிகுதியோ அதைத் தின்னும் இயல்பினால், ஓரினம் அளவுமீறிப் பெருகும்போது அதைத் தின்று மட்டுப்படுத்த அதனால் இயலும். பருவந்தோறும் வடக்கும் தெற்கும், கரையும் ஆழ்கடலுமாக அது வலசை செல்கின்றது. ஒரு கடற்பகுதியில் உண்டதன் பயனை மற்றொன்றிற்குச் சுமந்து செல்கின்றது. இத்தகைய பணிகளுக்குச் சந்தையில் விலையில்லை. எனவே நம் கணக்கில் அவை இடம்பெறுவதுமில்லை.

கட்டுப்பாடுகள் பயனளித்தன என்பதையும் சொல்லவேண்டும். 2010இல் அமெரிக்க அட்லாண்டிக்கின் நாய்ச்சுறா வளம் மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது. மாசச்சூசெட்ஸின் சாத்தம் போன்ற சிறு துறைகளில், முன்பு காட் மீனால் வாழ்ந்த படகுகள் நாய்ச்சுறாவைப் பிடித்துப் பிழைத்தன. ஐரோப்பாவிலும் வளம் ஓரளவு மீண்டதைக் கண்டு, 2023 முதல் அளவுக்குட்பட்ட பிடிப்புக்கு இசைவு தரப்பட்டது. ஆயினும் அதே ஆண்டில், அமெரிக்கக் கரையில் பெண்மீன்கள் மீண்டும் குறைந்திருப்பதை உணர்ந்து, பிடிப்பளவை வெகுவாகக் குறைக்க நேர்ந்தது. மீட்சி என்பது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் சொத்தன்று. ஈராண்டு சுமக்கும் தாயின் காலக்கணக்கு வேறு. ஆண்டுக்கணக்கு முடிக்கும் வாணிகத்தின் காலக்கணக்கு வேறு.

இவ்வரலாற்றில் மீனவனைக் குற்றவாளியாக்கி விடுவதும் மற்றொரு அவசரத் தீர்ப்பே ஆகும். கிழிந்த வலை உண்மை. வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் உண்மை. அவன் கண்டது பொய்யன்று. கண்டதற்கு அவன் கொடுத்த விளக்கமே பிழை. அப்பிழையை அரசுகள் ஆராயாது ஏற்று, மானியமாகவும் ஊக்குவிப்பாகவும் மாற்றியபோதுதான் தீங்கு பெருகியது. வளம் அழிந்தபின் முதலில் பட்டினி கிடந்தவனும் அந்த மீனவனே.

நம் ஊர்களிலும், நம் இல்லங்களிலும், ஏதேனும் குறைந்துபோகும்போது அருகில் நிற்பவன் மேல் பழி விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். அவன் பெயர் முன்பே கெட்டிருந்தால், சாட்சியைத் தேடும் சிரமமும் நமக்கு இல்லை. ஸ்டெனோ தம் மேசைமேல் கிடந்த சிறுமீனை அறுத்தபோது, அதன் பெயர் நாய் என்பதையோ அது விலைபோகாதது என்பதையோ கருதவில்லை. உள்ளே இருப்பதைப் பொறுமையோடு பார்த்தார். நாய்ச்சுறாவைத் திருடன் என்று ஏசியவர்களும் அந்தப் பொறுமையை முதலிலேயே கொண்டிருந்தால், சூல்கொண்ட பல்லாயிரம் தாய்கள் கடலில் எஞ்சியிருக்கும். அவற்றை நம்பி வாழும் படகுகளும் இன்று நிம்மதியாகத் தொழில் செய்துகொண்டிருக்கும்.